கார் இன்ஜின் ஹீட் ஆகிறதா? செட்டிநாட்டுக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "வண்டி ஹீட் ஆகுது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். எப்போது ஹீட் ஆகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அதனால் கீழே உள்ள பதில்களில் "எப்போது" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. முதலில் என்ன செய்வது?

ஏ.சி.யை அணையுங்கள். முள் இன்னும் சிவப்புக்குப் போகவில்லை, புகையும் இல்லை என்றால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரையும் முழு வேகத்தில் வையுங்கள். நம் ஊரில் ஹீட்டர் குமிழியைத் தொட்டே பார்க்காதவர்கள் அதிகம். ஆனால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். ஜன்னலை இறக்கிவிட்டு, வியர்வையோடு நிழலான ஓர் இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள்.

முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, பானட் ஓரத்தில் ஆவி வந்தாலோ யோசனையே வேண்டாம். ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், திருமயம் வந்துடும்" என்று இழுத்துப் போகும் அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான் ஹெட், அதாவது இன்ஜினின் மேல் பாகம், வளைகிறது. முந்நூறு, நானூறு ரூபாய் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை இன்ஜினை இறக்கும் வேலையாக மாறுவது அங்கேதான்.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

குறைந்தது அரை மணி நேரம் கழித்து. அதுவும் மேல் ஹோஸைத் துணியோடு பிடித்து அழுத்திப் பார்த்து, அது தளர்ந்து கொடுத்தால்தான்.

காரணம் இதுதான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அது ஒரு பிரஷர் வால்வ். பெரும்பாலான மூடிகளில் 0.9 அல்லது 1.1 பார் என்று பொறித்திருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரிக்குத்தான் கொதிக்கும். உள்ளே 115 டிகிரியில் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்து அழுத்தம் விட்டுப்போன நொடியில் ஆவியாக வெடித்துக் கிளம்பும். முகத்திலும் முழங்கையிலும் வெந்த தோலோடு வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

திறக்கும்போது தடித்த ஈரத்துணியை மேலே போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் கட்டம் வரை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். சீற்றம் முழுக்க அடங்கிய பிறகு மீதியைத் திருப்பலாம். ரேடியேட்டர் மேல் இல்லாமல், பக்கத்தில் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் டப்பா மேல் பிரஷர் மூடி இருக்கும் கார்களுக்கும் இதே விதிதான்.

பக்கத்துக் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றி வீட்டுக்குப் போய்ச் சேரலாமா?

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஊற்றலாம், அவசரத்துக்கு. சூட்டோடு ஊற்றக்கூடாது. இப்போதைய கார்களில் ஹெட் அலுமினியம். பல இன்ஜின்களில் பிளாக், அதாவது ஹெட்டுக்குக் கீழே உள்ள உடல், வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவது அலுமினியம். வெந்துகொண்டிருக்கும் ஹெட்டின் ஒரு மூலையில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வளையும், சில நேரம் விரிசல் விடும். இன்ஜின் மேலேயே குடம் குடமாக ஊற்றுகிறவர்களும் உண்டு. அதற்குப் பதில் சும்மா நிற்க விட்டாலே போதும்.

ஊற்றின தண்ணீர் எவ்வளவு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் குடித்ததா, நாலு லிட்டர் குடித்ததா என்பது மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் துப்பு. ஊற்றும்போதே கீழே ஓடுகிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

ரேடியேட்டருக்குக் காற்று இரண்டு வழியில் கிடைக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று. நிற்கும்போது, ஊரும்போது ஃபேன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

காரைக்குடி செக்காலை ரோட்டு நெரிசலிலும் கல்யாண வீட்டு வாசலிலும் முள் ஏறி, ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் ஃபேன் சுற்றவில்லை, அல்லது போதிய வேகத்தில் சுற்றவில்லை. ரேடியேட்டரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு, புதுக்கோட்டை ரோட்டில் 90, 100-ல் போகும்போது ஏறுகிறதா? காற்று தாராளமாக இருக்கிறது, தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கை அரித்திருக்கலாம். தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் பாதி திறந்து சிக்கியிருக்கலாம். உள்ளே ஸ்பிரிங் இல்லாத பழைய கீழ் ஹோஸ், பம்ப் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போவதும் உண்டு. நின்றதும் அது பழையபடி உப்பிக்கொள்ளும் என்பதால் பட்டறையில் பார்த்தால் தெரியாது. யாராவது ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்த நாலைந்து நிமிஷத்திலேயே ஏறினால் விஷயம் வேறு. தண்ணீர் குறைவாக இருக்கலாம், தண்ணீர் சுற்றும் வழியில் காற்று அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடி ஒட்டியிருக்கலாம். கடைசியாக, யாரும் கேட்க விரும்பாதது: ஹெட் கேஸ்கட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு, போயிருக்கலாம்.

ஏ.சி. போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால் முன் பக்கம் பாருங்கள். ஏ.சி. கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு விரல்கடை இடைவெளியில் நம் செம்மண் புழுதியும் காய்ந்த இலையும் பூச்சியும் சேர்ந்து அப்பிக்கிடக்கும். வெளியே இருந்து கண்டென்ஸர் பளிச்சென்று தெரியும், பின்னால் ரேடியேட்டர் மூச்சு முட்டிக் கிடக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை மிக அருகில் பிடித்தால் இறகுத் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும்.

பழனி பாதயாத்திரைக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் கார் வருஷா வருஷம் ஹீட் ஆகிறது. மற்ற நாளில் ஒன்றும் இல்லை. ஏன்?

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடப்பவர்களுக்குத் துணையாகப் போகும் வண்டிகளைப் பற்றிய கேள்வி இது. கார்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. மணிக்கு நாலைந்து கிலோமீட்டர், முதல் கியர், பின்னால் அண்டா குண்டா, அரிசி மூட்டை, உள்ளே கால் வலிக்கிற ஆச்சிமார்களுக்காக ஏ.சி. எதிர்க்காற்று சுத்தமாக இல்லை. மணிக்கணக்கில் ஃபேன் ஒன்றுதான் எல்லாச் சூட்டையும் இழுத்து வெளியே தள்ள வேண்டும். தை மாதத்துக் குளிர்ந்த காற்றிலும் முள் ஏறினால், உங்கள் ஃபேன் அரை வலுவில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நாளில் வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தக் குறை தெரிவதில்லை.

பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. மெது வேகத்துக்குக் கரண்டைக் குறைக்கும் ஒரு ரெஸிஸ்டர், இல்லை தனி ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) இருக்கும். ஒன்று எரிந்துபோனால் மற்ற வேகம் மட்டும் வேலை செய்யும். "ஃபேன் சுத்துதே" என்று திருப்தியாகப் போய்விடுவோம். யாத்திரைக்கு முன்னால் இரண்டு வேகமும் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் புஷ் தேய்ந்திருந்தால் கையால் சுற்றும்போதே பிடிப்பு தெரியும். பின்னால் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, அதாவது ஷ்ரவுட், உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்திலேயே சுழற்றிக்கொண்டிருக்கும்.

நடப்பவர்களோடு ஒட்டிப் போகாமல், அடுத்த தங்குமிடத்துக்கு ஒரே ஓட்டமாகப் போய் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் என் யோசனை. கிளட்சுக்கும் நல்லது.

ஃபேன் வேலை செய்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். இன்ஜினை ஓட விட்டு ஏ.சி. போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள். அது சரி என்றால் ஃபேன் ரிலேயை எடுத்து, அதே எண் போட்ட இன்னொரு ரிலேயோடு, உதாரணத்துக்கு ஹாரன் ரிலேயோடு, மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போது சுற்றினால் ரிலே ஒன்றுதான் செலவு.

அதற்கும் மசியவில்லை என்றால் ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம். சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு ஒயரிலோ சென்ஸரிலோ இருக்கிறது. பல கார்களில் கூலன்ட் சென்ஸர், அதாவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்ஸர், அதன் சாக்கெட்டைக் கழற்றினால், சூடு தெரியாமல் போன இன்ஜின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனைத் தானே ஓட விடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம்.

கை ஜாக்கிரதை. இன்ஜினை அணைத்த பிறகும் சூட்டில் தானாகச் சுற்றத் தொடங்கும் ஃபேன்கள் உண்டு. வேட்டி நுனி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் பக்கத்தில் தொங்கக்கூடாது.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிப் போட்டுவிடலாம்" என்கிறாரே மெக்கானிக்?

நம் ஊர்ப் பக்கம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். வேண்டாம், கழற்றாதீர்கள்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சின்ன வால்வ். குறிப்பிட்ட சூட்டில், பொதுவாக 82-லிருந்து 90 டிகிரிக்குள், மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதற்குப் பிறகு ரேடியேட்டருக்குப் போகும். அது மூடியபடி சிக்கிக்கொண்டால் வண்டி ஹீட் ஆகும் என்பது உண்மை. எடுத்து எறிந்தால் அந்தப் பயம் போய்விடும் என்பதும் உண்மை. அதனால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு பரவியிருக்கிறது.

ஆனால் எடுத்த பிறகு நடப்பதைப் பாருங்கள். இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். சூடு வரவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் அடியில் கசடாகத் தங்கும். பல இன்ஜின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும்படி அமைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினையே சுற்றி வரும். சித்திரை வெயிலில் ஹைவேயில் ஏறினால் முன்பைவிட அதிகமாக ஹீட் ஆகும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

சந்தேகம் இருந்தால் அடுப்படியிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு அடுப்பை எரியுங்கள். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி வால்வ் மெல்ல விலக ஆரம்பித்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நன்றாகத் திறக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லை என்றால் புதிது வாங்குங்கள். விலை பெரிதில்லை. கேஸ்கட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றலாமா? வருஷக்கணக்காக அதைத்தானே ஊற்றுகிறோம்.

உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் இன்ஜின் பிளாக்குக்குள்ளும் படிகிறது. குழாயின் உள்வழி ஏற்கெனவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதில் பூச்சு ஏறினால் ஓட்டமும் குறையும், சூடு வெளியேறுவதும் குறையும். உப்புத் தண்ணீர் என்றால் அதோடு நிற்காது. இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்து கிடந்தால் அரிப்பு வரும். உப்பு அதை வேகப்படுத்தும். வாட்டர் பம்பைக் கழற்றினால் இறக்கைகள் பாதியாகத் தேய்ந்து கிடப்பது இப்படித்தான்.

உலோக அரிப்பை ஆராய்வதில் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்வது, காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்தது. அதன் வாசலைக் கடந்து போகும் கார்களில் பாதி, உப்புத் தண்ணீர் ஊற்றினவை.

அவசரத்துக்கு மழைத்தண்ணீர் நல்லது. முற்றத்தில் பிடித்து வைத்தது, தூசு இல்லாமல் வடிகட்டியது என்றால் போரைவிட எவ்வளவோ மேல்; அதில் உப்பும் சுண்ணாம்பும் இல்லை. அதைவிடவும் நல்லது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். எதுவானாலும் வெறும் தண்ணீரில் துரு தடுக்கும் மருந்து இல்லை. அதற்குத்தான் கூலன்ட்.

கூலன்ட்டில் பச்சை, சிவப்பு, நீலம் என்று இருக்கிறதே. எதை வாங்குவது?

நிறம் ஒரு சாயம்தான். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. காரோடு வந்த புத்தகத்தில் என்ன வகை என்று போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். டப்பாவில் ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வகையைக் கலந்தால் சில நேரம் குழகுழவென்று திரண்டு அடைத்துக்கொள்ளும்.

கலந்தே விற்பது ஒரு வகை. அதில் தண்ணீர் சேர்க்கக்கூடாது. கெட்டியாக விற்பது இன்னொரு வகை; பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். "நல்லா இருக்கட்டும்" என்று கெட்டியை அப்படியே ஊற்றுவது தப்பு. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். சுத்தக் கூலன்ட்டில் ஓடும் வண்டி இன்னும் சூடாகத்தான் ஓடும்.

வடித்த பழைய கூலன்ட்டை வாசலிலோ ஊருணிக் கரையிலோ கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும், அது விஷம். குழந்தைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

சென்னையில் இருக்கிறோம். ஊர் வீட்டில் கார் ஆறேழு மாதம் நிற்கும். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு), கல்யாணத்துக்கு வந்து எடுத்தால் முதல் நாளே ஹீட் ஆகிறது.

ஓடித் தேய்ந்த கார்களைவிட நின்று கெட்ட கார்கள்தான் செட்டிநாட்டில் அதிகம். நிற்கும் காரில் என்னென்ன நடக்கும் என்றால்: வாட்டர் பம்பின் சீல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், முதல் ஓட்டத்தில் கிழிந்து ஒழுகும். ரப்பர் ஹோஸ்கள் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் வெடிக்கும். ஃபேன் மோட்டார் துருவேறி இறுகும். கிளைக்கால் கெடாது, ஆனால் அதில் இருக்கும் துரு தடுப்பு மருந்து வருஷங்கள் போகப் போகத் தீர்ந்துபோகும். தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்; வடித்தால் செம்மண் நிறத்தில் வரும்.

அப்புறம் எலி. பெரிய வீட்டின் கார் ஷெட்டில் அதற்கு இன்ஜின் அறையைவிட வசதியான இடம் வேறு ஏது? ஃபேன் ஒயரையும் சென்ஸர் ஒயரையும் கடித்து வைத்திருக்கும். ரேடியேட்டர் முன்னால் குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

ஊருக்கு வந்ததும் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து நேராகப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பாதீர்கள். பிள்ளையார் காத்திருப்பார். பானட்டைத் திறந்து டார்ச் அடித்து ஒயர்களைப் பாருங்கள். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள்; நெறுநெறுவென்று சத்தம் கேட்டால் மாற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் கூலன்ட் அளவைப் பாருங்கள். ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு வீட்டு வாசலிலேயே கால் மணி நேரம் ஓட விட்டு, ஃபேன் தானாக வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் இரண்டு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்வீர்கள். அவர் இரண்டு நிமிஷம் ஓட விட்டு அணைத்துவிடுவார். அதனால் பலனில்லை, கெடுதலும் உண்டு. ஃபேன் வரும் வரை விட வேண்டும். முடிந்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள்.

கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கே போகிறது?

மூன்று இடங்கள். ஒன்று, மூடி. ஸ்பிரிங் தளர்ந்த மூடி, சூட்டில் ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மாற்றுவதற்கு மிக மலிவானது. அதனால் சந்தேகம் என்றாலே முதலில் மாற்றிவிடலாம். இரண்டு, ஹீட்டர் கோர். முன்னிருக்கை மிதியடி ஈரமாக, ஒட்டுப்பிசினாக இருக்கும். கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான ஆவி படியும்.

மூன்றாவது, ஹெட் கேஸ்கட் வழியாக சிலிண்டருக்குள் போய் எரிவது. அதற்கு அடையாளங்கள் உண்டு. சூடான பிறகும் சைலென்சரில் வெள்ளைப் புகை நிற்காது. குளிர்ந்த இன்ஜினில், மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழ் விடாமல் வரும். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்தில், சூடே ஏறாமல், மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பழுப்பில் கெட்டி நுரை இருக்கும். நுரை மட்டும் இருந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். மழைக்காலத்தில் குட்டி குட்டித் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை.

உறுதிப்படுத்த ஒரு நீல மருந்து இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சினால், எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் மஞ்சளாக மாறும். ஹெட்டை இறக்கலாமா என்று முடிவெடுக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெட்டை இறக்கியாகிவிட்டது. கேஸ்கட் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. கேஸ்கட் ஏன் போனது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபேனோ ரேடியேட்டரோ காரணம் என்றால் புதிய கேஸ்கட்டும் அதே வழியில் போகும். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் வளைவு பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்திருந்தாலே பல இன்ஜின்களில் அதிகம். எவ்வளவு வரை இழைக்கலாம் என்பதற்கும் கம்பெனி அளவு உண்டு. விரிசல் பார்க்கப் பிரஷர் டெஸ்ட். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்கள் ஒருமுறை இறுக்குவதற்கு மட்டும். பழையதையே போட்டு மிச்சம் பிடிப்பது வீண் மிச்சம்.

மஞ்சள் தூள் போட்டால் ரேடியேட்டர் ஒழுக்கு நிற்குமாமே?

ஊசிமுனை ஓட்டை என்றால் கொஞ்ச நேரம் நிற்கும். ஓட்டையை அடைக்கிற தூள், ஹீட்டர் கோரையும் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக் பொடிக்கும் இதே பதில். நடுராத்திரியில் நடுக்காட்டில் என்றால் போடுங்கள், மறுநாள் கழுவி எடுங்கள். மஞ்சளைக் குழம்புக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

பழைய பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைத்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். இப்போதைய அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி வைத்ததில் அது நடக்காது. மடிப்பில் பிளாஸ்டிக் விரிந்தால் மாற்றுவதுதான் வழி.

முள் நடுவிலேயே நின்றது, திடீரென்று கீழே இறங்கியது, கொஞ்ச தூரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. எப்படி?

சென்ஸர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கும். இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஓடும் வண்டியில் முள் காரணமில்லாமல் இறங்குவதும் நிறுத்த வேண்டிய அறிகுறிதான்.

தவிர, புதிய கார்களின் முள் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஓட்டுபவர் பதறக்கூடாது என்று, ஏறக்குறைய 80-லிருந்து 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அது அசைந்தது என்றால் ஏற்கெனவே தாமதம். சில கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். டாஷ்போர்டுக்குக் கீழே சொருகும் ஓ.பி.டி. கருவி ஒன்று வாங்கினால் போனிலேயே சரியான டிகிரி தெரியும். நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் ஒரே உபரிச் சாமான் அதுதான்.

எங்கள் ஐயா வைத்திருந்த அம்பாசடர் இன்னும் ஓடுகிறது. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். ஃபேன் மட்டும் வேறு. பழைய வண்டிகளில் மோட்டார் கிடையாது, பெல்ட் இழுக்கும் ஃபேன். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். நெரிசலில் நியூட்ரலில் போட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முள் இறங்கும். பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் ஃபேனும் வாட்டர் பம்பும் சேர்ந்தே வழுக்கும். டைமிங், அதாவது இன்ஜினுக்குள் தீப்பொறி விழும் நேரம், தாமதமாக இருந்தாலும் இந்த வண்டிகள் ஹீட் ஆகும், ரேடியேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

காற்று எடுத்தார்களா என்று கேளுங்கள். கூலன்ட் மாற்றியதும் சுற்றுக்குள் காற்று தங்கும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்றை வெளியே விடும் பிளீட் ஸ்குரூ இருந்தால் தளர்த்தி, குமிழ் நிற்கும் வரை ஓட விட்டு நிரப்ப வேண்டும். "புதுசா எல்லாம் மாத்தியும் ஹீட் ஆகுது" என்று திரும்பி வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இந்தக் காற்றுதான்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு இரண்டு விதமாக ஓட்டுங்கள். முதலில் ஏ.சி. போட்டு ஊருக்குள் அரை மணி நேரம், சந்தை நெரிசலில். அடுத்து ஹைவேயில் ஏறி லெம்பலக்குடி சுங்கச்சாவடி வரை ஒரே வேகத்தில். எந்த நிலையில் ஹீட் ஆகிறது என்று சொல்லி வண்டியை விட்டீர்களோ, அந்த நிலையில் ஓட்டிப் பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், டப்பாவில் அளவைப் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கியிருந்தால் மீதிக் காற்று வெளியேறியிருக்கும். குறி வரை நிரப்பிவிடுங்கள். இரண்டாம் நாளும் இறங்கினால் வண்டியைத் திரும்பப் பட்டறைக்கு விடுங்கள்.